ஆற்றில் போட்ட ஆந்தை

என் ஆந்தையை ஆற்றில் போட்டவன் என் தம்பி. ஆந்தையோடு சேர்த்து இன்னும் இருபத்தைந்து காசுகளையும் போட்டான். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஆந்தையா என்று கேட்கிறார்கள். இல்லை, வெள்ளிக்காசு, கிரேக்க நாட்டுக் காசு, இரண்டாயிரத்து நானூறு வருடம் பழையது என்று சொன்னால் அடுத்த கேள்வி, என்ன விலை போகும் என்பது. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். விலையைச் சொன்னால் ‘அய்யய்யோ’ என்பார்கள். அந்த அய்யய்யோ எனக்கு வேண்டாம்.

நான் ரத்தம் எடுக்கிறவள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி குத்துகிறேன், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து அணுக்களை எண்ணுகிறேன். வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான், தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் அதில் இருந்தோம். தம்பி லோடு வேன் ஓட்டுகிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஊருக்கு மட்டும் அது எல்லாக் கதைக்கும் தேவைப்படும்.

காசு சேர்க்க ஆரம்பித்தது தற்செயலாகத்தான். கூட வேலை பார்க்கிறவள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். அவளுக்குக் குத்துவிளக்கு வாங்கத் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அண்ணாச்சிக்கு மேலப்பாளையம். பழைய பித்தளை, செம்பு வாங்கி உருக்குக்கு அனுப்புவதும் அவருக்கு வியாபாரம். எடைபோடும் தராசுத் தட்டில் ஒரு கைப்பிடி செம்புத் துண்டுகள் கிடந்தன, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பச்சை பிடித்து.

“இது என்னது அண்ணாச்சி?”

“ஆத்துல மணல் அள்ளுதவன் கொண்டாந்து போட்டது தாயி. பழைய காசு போல இருக்கு. உருவம் ஒண்ணும் தெரியல. செம்புதானன்னு வாங்கிப் போட்டேன்.”

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. விளக்கோடு அதையும் வாங்கி வந்தேன். மறுநாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், அதைக் கொண்டுபோய் லென்சுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு விலங்கு நின்றுகொண்டிருந்தது. தலையைத் திருப்பித் தன் வயிற்றுப் பக்கம் பார்த்தது. வயிற்றுக்குக் கீழே இரண்டு சின்னப் புடைப்புகள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தபோது அந்தப் புடைப்புகளுக்குக் கையும் காலும் முளைத்தன. இரண்டு குழந்தைகள், பால் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்களின் ரத்தத்தையெல்லாம் எப்படி எண்ணி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாரமே மறுபடி கடைக்குப் போனேன். ரோமாபுரிக் காசு அது, ஆற்றில் விடப்பட்ட இரட்டைப் பிள்ளைகளுக்கு ஓநாய் பால் கொடுத்து வளர்த்த கதை, அதில் ஒருவன்தான் பிறகு அந்த நகரத்தையே கட்டினான் என்று தேடிப் படித்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெறும் செம்புன்னுல்லா நெனச்சேன். ஓநாயா பால் குடுத்துச்சு? படைச்சவன் யாரு மூலமா எதைக் குடுக்கான்னு சொல்ல முடியாது தாயி. மிச்சத்தையும் நீயே எடுத்துக்கோ. உருக்கிப்போட்டா பாவம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பதினான்கு வருடம். ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பெங்களூரில் நாணயக் கண்காட்சி என்றால் நாகர்கோவில் ரயிலில் ஏறிப்போவேன். வீட்டில் ‘டிரெய்னிங்’ என்று சொல்வேன். பொய் சொல்வது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தம்பி சேக்காளிகளோடு கேரளாவுக்குப் போனால் யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. நான் போனால் எதற்கு, யாரோடு, எங்கே தங்குகிறாய் என்று மூன்று கேள்வி வரும். பழைய காசு பார்க்கப் போகிறேன் என்றால் நான்காவதாக ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பொய்யே மேல்.

சேலை வாங்கமாட்டேன், நகை வாங்கமாட்டேன். வருடத்துக்கு ஒன்று, இரண்டு காசுதான். ஒன்றில் சிறகு முளைத்த குதிரை பறந்தது. ஒன்றில் சிங்கத்தைக் கொன்று அதன் தோலைத் தலையில் மாட்டிக்கொண்ட பலசாலி. சிங்கத்தின் வாய்க்குள்ளிருந்து அவன் முகம் எட்டிப்பார்க்கும். ஒன்றில் மெதூசா. தலைமுடி முழுக்கப் பாம்பு, வெளியே தள்ளிய நாக்கு. அவளைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்பது கதை. அந்தக் காசை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புது வீடு கட்டுகிற இடத்தில் எல்லாம் திருஷ்டிக்கு என்று ஒரு பூதமுகம் தொங்கவிடுவார்களே, உருட்டு விழியும் தொங்கும் நாக்குமாக, அதே முகம். எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்கியது.

கடைசியில் வந்ததுதான் ஆந்தை. ஏதென்ஸ் நகரத்துக் காசு. ஒரு பக்கம் அத்தீனா, அறிவுக்கும் போருக்கும் உரிய தெய்வம். கல்யாணம் வேண்டாம் என்றிருந்தவள். தலைக்கவசத்தில் மூன்று ஒலிவ இலைகள். முகம் பக்கவாட்டில் இருக்கும், ஆனால் கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். மறுபக்கம் அவளுடைய ஆந்தை. உடம்பைத் திருப்பி, தலையை நம் பக்கம் வைத்து, இரண்டு கண்ணாலும் முழித்துக்கொண்டு நிற்கும். கழுத்துக்குப் பக்கத்தில் ஆழமாக ஓர் உளி வெட்டு. உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரி யாரோ வெட்டிப் பார்த்தது. அந்த வெட்டு இருந்ததால்தான் எனக்கு எட்டுகிற விலையில் வந்தது. கனமான காசு. உள்ளங்கையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

வீட்டில் அதை நான் காட்டியது தம்பி மனைவிக்கு மட்டும்தான். அவள் லென்சை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“மதினி, இது என்ன, நம்மளையே முழிச்சிப் பாக்கு?”

“ஆந்தைம்மா.”

“ஆந்தையா?” லென்சைக் கீழே வைத்துவிட்டாள். “அழகாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல வைக்கலாமா மதினி?”

“வெள்ளிக்காசு அலறாது” என்றேன். அவளும் சிரித்தாள். அதோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ஆந்தை வந்த நான்காம் மாதம் மூன்றாவது முறையும் போனது. எங்கள் கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுடைய ரத்தத்தை நான்தான் எடுத்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கையை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தாள். அந்தக் கையை நான் மறக்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வந்து தடுத்துவிடுகிறது. தம்பிமேல் வருகிற கோபத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

வைகாசியில் இரண்டு பேரும் திருச்செந்தூருக்குப் போய்ப் பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு சோசியரைப் பார்த்ததாகத் தெரிந்தது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாடியில் என் அறையில் பீரோ திறந்திருந்தது. சாவி துணிகளுக்கு அடியில் இருப்பது தம்பிக்குத் தெரியும். காசுகளை வைக்க, பள்ளம் பள்ளமாகக் குழித்து, உள்ளே நீல வெல்வெட் ஒட்டிய மரத்தட்டு ஒன்று ஆசாரியிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தேன். அது இல்லை.

கீழே இறங்கி வந்தேன். தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் என் மரத்தட்டு இருந்தது. காலியாக.

“ஏலே, இதுல இருந்ததெல்லாம் எங்க?”

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒக்காருக்கா. சொல்லுதேன்.”

“நிக்கேன். சொல்லு.”

“பாபநாசத்துல விட்டுட்டேன்.”

“எதை?”

“அந்தக் காசெல்லாம். பூசணிக்கா சுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து, ஆத்துல விட்டுட்டேன். வீட்டுல இருக்கக் கூடாத உருவமாம். ஆந்தை, பாம்புத் தல, கொம்பு வச்சது, செறகு வச்சது. பிள்ளை நிக்காததுக்கு அதுதான் காரணமாம். உனக்கே ஆகாதாம். உனக்குக் கல்யாணம் தட்டிப்போனதுக்கும்…”

“எனக்குக் கல்யாணம் தட்டினப்ப இந்தக் காசு ஒண்ணுகூட இந்த வீட்டுல இல்லலே!”

அப்படிக் கத்தினது எனக்கு நினைவிருக்கிறது. என் குரல் அப்படி வருமென்று அதுவரை எனக்குத் தெரியாது. அவன் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எல்லாத்தையுமா போட்ட?”

“எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொத்தமாக் கவுத்துட்டேன்.”

“தட்டை மட்டும் ஏம்ல திருப்பிக் கொண்டாந்த?”

“நல்ல தட்டால்லா இருந்துச்சு. வளவி வைக்கதுக்கு ஆகும்னு கொண்டாந்தேன்.”

இன்றைக்கும் நான் தனியாக இருக்கும்போது இந்த வரிதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. நல்ல தட்டு. வளையல் வைக்க ஆகும். அக்காள் பதினான்கு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததைக் கவிழ்த்த கை, ஆசாரி செய்த பலகைக்கு மட்டும் மதிப்புக் கொடுத்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற பொருள். மற்றது அக்காவின் கிறுக்கு.

தம்பி மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். நான் வாசலுக்குப் போனேன். நிலைக்கு மேலே தொங்கிய பூதமுகத்தை, நாக்கும் பல்லுமாக இருந்ததை, கயிறோடு பிய்த்துக் கொண்டுவந்து அவன் மடியில் எறிந்தேன்.

“இதையும் கொண்டு போய்ப் போடு. இவளும் அவளும் ஒருத்திதான்.”

அவனுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் விடிந்ததும் பாபநாசத்துக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். கோயிலுக்கு முன்னால் படித்துறை. பொரி வாங்கி மீனுக்குப் போடுகிறவர்கள், குளிக்கிறவர்கள், திதி கொடுக்கிறவர்கள். அங்கே ஆற்றில் முங்கிக் காசு எடுக்கிற ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், வற்றிய உடம்பு. கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தைத் தண்ணீரில் வீசி இழுத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் வேண்டிக்கொண்டு போடும் சில்லறையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அவர் மனைவி கரையில் சல்லடையோடு இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“வெள்ளி, செம்புன்னா காந்தத்துல வராதேக்கா” என்றார். “கையாலதான் தடவி எடுக்கணும். எங்கன போட்டாவ?”

எனக்குத் தெரியாது. தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவையில் அவன் மனைவி எடுத்து, மெதுவான குரலில், “மண்டபத்துக்குத் தெக்கால, மூணாவது படியில நின்னு போட்டாராம் மதினி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் முங்கினார். எழுந்தபோது கையில் ஒரு சேலை வந்தது. மறுபடி முங்கினார். ஒரு வேட்டி. அடுத்து ஒரு சட்டை, பிறகு உள்பாவாடை, பிறகு என்னவென்றே தெரியாத அழுகல் துணி. உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போய்விடும் என்று ஊர் ஊராகப் பஸ்ஸில் வந்து இங்கே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆற்றின் அடியில் மணலைக் காணோம், துணிதான் கிடந்தது. அதை விலக்கி விலக்கித்தான் அவர் தேட வேண்டியிருந்தது.

நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் வந்து குளித்தது. அந்த வீட்டுக்காரர் ஈர வேட்டியைச் சுருட்டித் தண்ணீரில் வீசினார்.

“அதை எடுங்க” என்றேன்.

“என்னம்மா?”

“வேட்டியை எடுங்கன்னேன். ஒங்க பாவத்தை நாங்க குடிக்கோம். இந்தத் தண்ணிதான் திருநெல்வேலிக்குப் போகுது, தூத்துக்குடிக்குப் போகுது. ஒங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் போடுததுக்கு ஆறுதான் கெடச்சுதா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தம்மாக்கு என்ன வந்துச்சி?” என்று மனைவியிடம் கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். வேட்டி அப்படியே ஊதிக்கொண்டு மிதந்து போனது. அவரிடம் கத்தியதில் எனக்கு வருத்தமில்லை. தம்பியிடம் கத்த வேண்டியதில் கொஞ்சம் அவருக்குப் போனது, அவ்வளவுதான்.

மூன்று நாள் தேடினோம். வேலைக்கு லீவு போட்டேன். நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால் விரலால் பாறை இடுக்குகளைத் துழாவினேன். அவர் மனைவி சல்லடையில் ஒவ்வொரு சரளைக் கல்லாகத் தள்ளிப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட ‘வெறும் காசுதானே’ என்று சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் அதைச் சொல்லாதவர்கள் அவர்கள் மட்டும்தான். காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதியிருந்தேன். அதில்கூட முதல் பதில், ‘மொத்தம் எவ்வளவு பெறும்?’ என்பதுதான். இரண்டாவது பதில் கைகூப்பும் படம். அந்தக் குழுவிலிருந்து அப்போதே வெளியேறினேன்.

ஏழு காசு கிடைத்தது. ஆறு சின்னச் செம்பு. ஏழாவதாக மெதூசா வந்தாள். அவர் முங்கி எழுந்து, உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏ சாமி, யாரு இது!” என்று சிரித்தார். மூன்று நாளில் நானும் சிரித்தது அப்போதுதான். அண்ணாச்சி கடையில் எடுத்த ஓநாய் கிடைக்கவில்லை. குதிரை கிடைக்கவில்லை. ஆந்தை கிடைக்கவில்லை.

“கனமான காசுல்லா? நேரா பாறை இடுக்குக்குள்ள எறங்கியிருக்கும். இனி முங்குதது வீண்தான்க்கா” என்றார் அவர். “அணையில தண்ணி தொறந்துட்டான்னா இந்த இடமே பெரண்டுரும்.”

மறுவாரம் தண்ணீர் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் சோசியரைத் தேடிப்போனேன். இடத்தைத் தம்பி மனைவிதான் சொன்னாள். ரோட்டு மேலேயே வீடு, முன்பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே பத்து பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் எதிரே உட்கார்ந்து, மெதூசாவை எடுத்து அவருடைய சோழிகளுக்கு நடுவே வைத்தேன்.

“இது வீட்டுல இருந்தா பிள்ளை நிக்காதா?”

அவர் பதறவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். “வெள்ளியா தாயி?” என்று கேட்டார்.

“நீங்க ஆத்துல போடச் சொன்னதுதான்.”

“நானா?” அவருக்கு என் தம்பியை நினைவுபடுத்தக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தலையாட்டினார். “ஆந்தை உருவம் ஆகாதுன்னு சொன்னேன். அந்தப் பிள்ளைதான் வீட்டுல ஆந்தைக் காசு இருக்குன்னு அழுதுச்சு. அப்ப, படுக்குற வீட்டுல வேண்டாம், எடுத்து வேற எங்கனயாவது வைங்கன்னேன். ஆபீசுல வச்சா என்ன, பேங்குல வச்சா என்ன. ஆத்துல போடுன்னு நான் சொல்லலம்மா. என் தொழில் சத்தியமாச் சொல்லலை.”

அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அழுகிற பெண்ணின் வாயிலிருந்து ஆந்தையை வாங்கி, அதையே அவளுக்குக் காரணமாகத் திருப்பிக் கொடுத்தவர் அவர். பின்னால் பத்து பேர் காத்திருக்க, அதைச் சொல்லி அவரோடு சண்டை போட்டேன். “மூணு தடவை கலைஞ்ச பிள்ளைக்கு டாக்டரைப் பாருன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையா?” என்று கேட்டேன். அவர், “அடுத்த ஆளு வாங்க” என்றார்.

ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனதில் இருந்தது அவர் இல்லை. எங்கேயாவது வைங்க என்றுதான் சொல்லியிருக்கிறார். என் வேலையிடத்தில் எனக்கென்று பூட்டுகிற இழுப்பறை இருக்கிறது. ‘அக்கா, இவ பயப்படுதா, அதை அங்கன கொண்டு போய் வச்சிரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்துப் போயிருப்பேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்காக என்னால் அது முடியாதா?

வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்டேன்.

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீ தரமாட்டன்னு தெரியும்.”

“கேட்டியா?”

“அதான் தரமாட்டல்லாக்கா.”

“கேட்டியாலே?”

அடுக்களையிலிருந்து அவன் மனைவி வெளியே வந்தாள். அவ்வளவு நாளாகச் சத்தமில்லாமல் இருந்தவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் சொன்னேன்லா? மதினிகிட்ட கேட்டுட்டு எடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். அவகிட்ட என்ன கேக்குறது, நம்ம வீடுதானன்னு சொன்னீயள்லா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நம்ம வீடு. அதில் என் பீரோவும் என் சாவியும் அவனுக்கு நம்முடையதாக இருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. கல்யாணம் ஆகாத அக்காள் அவனுக்கு வீட்டோடு வந்த சாமான். அம்மிக்கல்லை நகர்த்த அம்மிக்கல்லிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த மாதமே அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சாமான் ஏற்ற வேறொரு ஆளின் வண்டியைப் பிடித்தேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒரு ரூபாய் பெறாத விஷயத்துக்குக் கூடப்பிறந்தவனை விட்டுட்டு வரலாமா என்றார்கள். அவர்களுக்கெல்லாம் நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ‘மன்னிச்சிருக்கா’ என்று அவன் ஒரு தடவை வந்து சொன்னால் போதும் என்று முதல் வருடம் நினைத்தேன். அவன் வரவில்லை. இப்போது வந்து சொன்னாலும் என் மனம் இறங்குமா என்று தெரியவில்லை. கோபம் குறையவில்லை. பழகிவிட்டது. வீட்டில் கூடவே இருக்கிற ஆள் மாதிரி காலையில் என்னோடு எழுந்திருக்கிறது, பல் தேய்க்கிறது, வேலைக்கு வருகிறது. புதிதாகக் காசு எதுவும் வாங்கவில்லை. வாங்கத் தோன்றவில்லை. அந்த ஆசையையும் சேர்த்துத்தான் கவிழ்த்திருக்கிறான்.

தம்பி மனைவி எப்போதாவது போன் செய்வாள். நான் திட்டித் திட்டி, ஒருநாள் பாளையங்கோட்டையில் நல்ல டாக்டரம்மா ஒருவரிடம் போய்ப் பார்த்தாள். ரத்தம் உறைவதில் ஏதோ கோளாறு, ஊசி போட்டால் சரியாகும் என்றாராம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டியது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளிடம் அதைக் காட்டவில்லை. ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் ஒருநாள் காலையில், வரிசையில் பதினோராவது டோக்கன் என்று கூப்பிட்டேன். தம்பி வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். கையில் டாக்டர் எழுதிய சீட்டு. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டுமாம். ஊரில் வேறு பரிசோதனைக் கூடம் இல்லாமல் இல்லை.

“காலையில எதுவும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை நான் ‘லே’ என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். தூக்கி வளர்த்தவள் நான்.

“இல்ல” என்றான்.

“கையை நீட்டுங்க. மடக்கிப் பிடிங்க.”

ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பைத் தடவிப் பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கு இருந்த மாதிரியே ஆழத்தில் ஓடுகிற நரம்பு. ஒரே குத்தில் கிடைத்தது.

“அக்கா…” என்றான்.

“கையை விடுங்க. பஞ்சை அழுத்திப் பிடிங்க. ரிப்போர்ட் அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கோங்க. பன்னிரண்டாம் நம்பர்!”

அவன் எழுந்து போனான். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். எனக்கு முன்னால் பன்னிரண்டாம் நம்பர் வந்து உட்கார்ந்தது, ஒரு வயதான பெண்மணி. அவருக்கு நரம்பு கிடைக்க நேரமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது தம்பி இல்லை.

மத்தியானம் அவன் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு அவன் மனைவிக்குப் போன் செய்தேன்.

“அவனுக்கு சர்க்கரை முந்நூறுக்கு மேல இருக்கு. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. வண்டி ஓட்ட வேண்டாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

“மதினி, அவரு உங்ககிட்ட ஏதாவது…”

“வேலை கெடக்கும்மா” என்று சொல்லிப் போனை வைத்தேன்.